சித்தப்பாவின் மாடுகளும் அத்தையின் நடையும்

ஏப்ரல் பிறந்துவிட்டால் என் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. காரைக்குடியில் ஒரு பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியை. காலை ஏழரை மணிக்கு மேல் மைதானத்தில் ஒரு பந்து உருளக் கூடாது, தண்ணீர் பாட்டில் இல்லாதவர் கோட்டுக்குள் கால் வைக்கக் கூடாது, ஷூ இல்லாதவர் ஓடக் கூடாது, புதிதாகச் சேர்ந்தவர் முதல் வாரம் பாதி தூரம்தான் ஓட வேண்டும் என்று ஒரு சட்டப் புத்தகமே வைத்திருக்கிறேன். பெற்றோர் சிலர் வந்து, "என்ன டீச்சர், நாங்கெல்லாம் உச்சி வெயில்ல வெறுங்கால்ல ஓடுனோம், எங்களுக்கு என்ன ஆயிப்போச்சு?" என்று கேட்பார்கள். நான் சிரித்துக்கொண்டே நிற்பேன். எனக்கு என்ன ஆனது என்று சொன்னால் இருக்கிற கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும். இந்தச் சட்டங்களை நான் கல்லூரியில் படித்துவிட்டு வந்ததாக அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். உண்மையில் இவை சித்தப்பாவின் பந்தய மாடுகளுக்காக ஏற்பட்டவை.

அப்போது எனக்குப் பத்து வயது. கண்டனூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, அவர்கள் இருவருக்கும் தங்கையான அத்தை. அத்தை கல்லூரி முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வனக்காவலர் வேலைக்கு எழுத்துத் தேர்வு எழுதித் தேறியிருந்தார். அடுத்தது நடைத் தேர்வு. பெண்கள் நான்கு மணி நேரத்துக்குள் பதினாறு கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும். அதற்குக் குறித்த நாள், கத்திரி வெயிலின் நட்டநடுவில் வந்து விழுந்திருந்தது.

கடிதத்தை அத்தை வாசித்து முடித்ததும் வீடே சிரித்தது. "நடந்து காட்டுனா வேலை குடுப்பாகளா? அப்படின்னா நானெல்லாம் கலெக்டரே ஆயிருக்கணுமே" என்றார் அப்பா. அவர் வருடம் தவறாமல் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர். எங்கள் பக்கத்தில் நடை என்றாலே பழனி நடைதான். தோளில் ஒரு பை, வாயில் முருகன் பெயர், காலில் ஒன்றும் கிடையாது. அது தை மாதத்து இளவெயிலில், வழிநெடுகப் பந்தல் போட்டு மோரும் பானகமும் கையில் திணிக்க, ஆயிரம் பேரோடு பேசிக்கொண்டே போகிற நடை. அதையும் கத்திரி வெயிலையும் யாரும் ஒரு தராசில் வைத்துப் பார்க்கவில்லை.

சிரித்து முடித்த பிறகு அப்பா குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்: "போயிப் பாரு தாயி, வேணாங்கல. ஆனா இந்த ஒரு தடவைதான். இதுல ஆகலைன்னா, ஆவணியில மாப்பிள்ளை பாக்கையில குறுக்க நிக்கக் கூடாது." அத்தை ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி என்றார். எனக்கே பயமாக இருந்தது. அத்தை காட்டைப் பார்த்தது ஒரே ஒரு முறை, கல்லூரிச் சுற்றுலாவில். யானையின் கால்தடத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, அதில் ஒரு தவளைக்குஞ்சு நீந்திக்கொண்டிருந்ததை எனக்கு நூறு முறையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு முறையும் அன்றுதான் பார்த்தது போலச் சொல்வார். அந்தத் தடத்துக்கு அவர் திரும்பிப் போக வேண்டும் என்றால் பதினாறு கிலோமீட்டரை நடந்து கடக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குப் புரிந்திருந்தது.

முதல் நாள் அத்தை பழனி முறைப்படிதான் நடந்தார். வீட்டு வேலையெல்லாம் முடித்துப் பத்து மணிக்கு மேல் வெறுங்காலோடு கிளம்பினார். நடக்கும்போது தண்ணீர் குடித்தால் வயிறு கனக்கும் என்று அப்பா சொல்லியிருந்ததால் சொட்டுத் தண்ணீர் எடுத்துப் போகவில்லை. பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது உதடு வெளுத்திருந்தது. மாட்டுக் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். இரண்டு நாள் தலைவலியில் இருட்டறையை விட்டு வெளியே வரவில்லை. அப்பா கதவருகே நின்று, "உடம்பு ஒத்துக்கலைல, விட்டுருத்தா" என்றார். அன்போடுதான் சொன்னார். அதனாலேயே அத்தைக்கு அது அதிகமாக வலித்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அத்தை எழுந்து நேராகக் கொட்டகைக்குப் போனார். சித்தப்பாவைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். அவரிடம் இரண்டு பந்தய மாடுகள் இருந்தன. திருவிழாக்களில் நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயங்களில் அவை வாங்கிவந்த வெண்கலக் குத்துவிளக்குகள் எங்கள் வீட்டில் வரிசையாக நிற்கும். அத்தை காட்டு வேலைக்குப் போவதில் அவருக்குத் துளியும் சம்மதமில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். மாட்டைப் பற்றிக் கேட்டாலோ சாப்பாட்டை மறந்து பேசுவார். இது அத்தைக்கு நன்றாகத் தெரியும்.

"அண்ணே, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். கத்திரி வெயில்ல ஒரு மாட்டைப் பதினாறு கிலோமீட்டர் நடத்தணும்னா என்ன செய்வீக?"

சித்தப்பா மாட்டின் முதுகைத் தேய்த்துக்கொண்டே, "எந்த மாட்டை?" என்று கேட்டார்.

"பழக்கமில்லாத மாடு. வீட்டுலயே கெடந்த மாடு."

"எம்புட்டு நாள் இருக்கு?"

"அஞ்சு வாரம்."

"போதும்" என்றார் சித்தப்பா. பிறகு தேய்ப்பதை நிறுத்திவிட்டு எதிரே இருந்த சுவரைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார். "மொதல்ல லாடம் கட்டணும். லாடமில்லாமத் தார் ரோட்டுல இறக்குனா ரெண்டாம் நாளே குளம்பு போயிரும். மொத வாரம் விடியக்காலம், நெழல்ல, கால்வாசித் தூரம். ரெண்டாவது வாரம் அரைவாசி. அப்புறம் ஒவ்வொரு நாளும் கொஞ்சங்கொஞ்சமா வெயிலக் காட்டணும். ஒரே நாள்ல காட்டுனா மாடு படுத்துரும். படிப்படியாக் காட்டுனா உடம்பு பழகிக்கிரும்."

"தண்ணி?"

"தாகம்னு அது கேக்குறதுக்கு முந்தியே காட்டணும். உப்புப் போட்ட கழனித்தண்ணி. மூத்திரம் மஞ்சளாப் போச்சுன்னா அன்னைக்கு நடையக் குறைச்சிரணும். உச்சி உருமத்துல கொட்டகைய விட்டு வெளிய விடவே கூடாது, படுத்து அசை போடட்டும். நடக்கையில கால் பின்னுச்சு, கண்ணு சொருகுச்சுன்னா யாரு என்ன சொன்னாலும் அங்குட்டே நிறுத்திப்புடணும். நெழலுக்கு இழுத்துட்டுப் போயித் தண்ணியக் கொட்டணும். மொதல்ல தண்ணி உடம்புக்கு வெளிய. நிதானம் வந்த பெறகுதான் வாய்க்குள்ள."

அத்தை என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "லாடம்" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

மறுநாள் காரைக்குடி செக்காலைக் கடை ஒன்றிலிருந்து வெள்ளை கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி வந்தது. அதன் பிறகு எங்கள் வீட்டில் மூன்று பந்தய மாடுகள் வளர்ந்தன என்றுதான் சொல்ல வேண்டும். சித்தப்பா மாடுகளை எழுப்பும்போது அத்தையும் எழுந்துவிடுவார். சுடிதாரின் மேல் அப்பாவின் பழைய முழுக்கை வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஈரத்துண்டு, காலில் ஷூ. எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு நீளும் பெரிய வீடுகள் உண்டு. வீட்டுக்காரர்கள் வெளியூர்களில் இருப்பார்கள், கல்யாணம் காட்சி என்றால்தான் பூட்டைத் திறப்பார்கள். அந்த வீடுகளின் மதில் நிழல் காலை எட்டு மணி வரைக்கும் தெருவை மூடிக் கிடக்கும். முதல் இரண்டு வாரம் அத்தை அந்த நிழலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தார். ஒரு வீட்டுக் காவல்காரர், யாரோ வீட்டை நோட்டம் பார்ப்பதாக அப்பாவிடம் வந்து புகார் சொல்லிவிட்டுப் போனார்.

சோற்றுக் கஞ்சியில் உப்புப் போட்டுச் சொம்பு சொம்பாகக் குடித்தார். குளியலறையிலிருந்து வெளியே வந்து, "இன்னைக்கு மஞ்சள், அரைவாசிதான் நடப்பேன்" என்று அம்மாவிடம் வெட்கமில்லாமல் அறிவித்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பன்னிரண்டு மணி அடித்தால் போதும், அத்தை கூடத்தின் குளிர்ந்த தரையில் மல்லாந்து படுத்துவிடுவார். மூன்று மணி வரை இடியே விழுந்தாலும் வெளியே வரமாட்டார். சாயங்காலம் ஒரு புதுச் சந்தேகத்தோடு கொட்டகைக்குப் போவார். "அண்ணே, அந்த மாட்டுக்குக் கெண்டைக்கால் பிடிச்சு இழுத்தா?" என்பார். சித்தப்பாவும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் அந்த மாட்டுக்கு வைத்தியம் சொல்லுவார்.

மூன்றாவது வாரம் அத்தை வெயிலுக்கு வந்தார். முதலில் பத்து நிமிடம். மறுநாள் கால் மணி நேரம். நான்காவது வாரம் அவர் கண்டனூர் சாலையில் ஒன்பது மணி வெயிலில் நடந்ததை நான் மாடியில் நின்று பார்த்திருக்கிறேன். சாலையின் முனையில் கானல் நெளிந்துகொண்டிருக்கும். அதற்குள்ளிருந்து முதலில் ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் வரும். தலையும் இருக்காது, காலும் இருக்காது. பிறகு கை முளைக்கும், முகம் முளைக்கும், கடைசியில் அந்த வெள்ளை ஷூக்கள் தரையைத் தொடும். முதல் நாள் வாந்தி எடுத்த அத்தையா இது என்று எனக்கு மயிர்க்கூச்செறியும். நாய்கூடப் படுத்துக் கிடக்கிற வெயிலில், ஒரு மனுஷி ஒரே வேகத்தில், ஒரே சீராக, வந்துகொண்டே இருப்பார். சாமி புறப்பாட்டைக்கூட நான் அத்தனை பயபக்தியோடு பார்த்ததில்லை.

ஆனாலும் எனக்குச் சில குறைகள் இருந்தன. ஷூ ஒரு குறை. கால்மணிக்கு ஒருதரம் நின்று தண்ணீர் குடிப்பது இன்னொரு குறை. மத்தியானம் தூங்குவது எல்லாவற்றிலும் பெரிய குறை. பழனிக்குப் போகும் அப்பாவின் பாதத்தில் ஒவ்வொரு தையிலும் கொப்புளம் வெடித்திருக்கும். அதை ஊரே வந்து பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு போகும். வீரம் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்பது என் முடிவு.

என் தோழி ஒருத்தி சரியாக என் மனக்குறையில் விரலை வைத்தாள். அவளுடைய அப்பாவும் பழனிக்கு நடப்பவர்தான். "உங்க அத்தை மாடு மாதிரி லாடம் கட்டிக்கிட்டுல்ல நடக்குது. வெறுங்கால்ல நடக்கச் சொல்லு பாப்போம்" என்றாள். "எங்க வீட்டு ஆளுகளுக்கு வெயிலெல்லாம் ஒண்ணுமே செய்யாது" என்றேன் நான். "அப்ப நீ நடந்து காட்டு" என்றாள் அவள். ஊருக்கு வெளியே ஒரு கிலோமீட்டர் தள்ளி அய்யனார் கோயில். அங்கே நிற்கும் மண்குதிரையைத் தொட்டுவிட்டு வர வேண்டும். வெறுங்கால், தண்ணீர் கிடையாது, நேரம் உச்சி. அத்தையின் மானம் என் காலில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நடைத் தேர்வுக்கு அன்றைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

மத்தியானம் எல்லோரும் தூங்கிய பிறகு கிளம்பினேன். போகும்போது பெரிதாகத் தெரியவில்லை. சாலையோரத்து மண்ணில் தாவித் தாவிப் போய்க் குதிரையைத் தொட்டேன், அதுவும் சுட்டது. திரும்பும்போதுதான் வெயில் தன் வேலையைக் காட்டியது. வழிந்துகொண்டிருந்த வேர்வை எப்போது நின்றது என்று தெரியவில்லை. கையெல்லாம் காய்ந்து போயிருந்தது. அந்த வெயிலில் எனக்குக் குளிர்ந்தது, பல் கிட்டியது. பாதம் சுடுவதுகூட நின்றுவிட்டது. எனக்கு ஒரே பெருமை, வெயில் பழகிவிட்டது என்று. அப்புறம் ஒரு கால் இன்னொரு காலைத் தட்டியது. புளியமரத்தடி பெட்டிக்கடை தெரிந்தது, அது சாய்ந்தது.

கடைக்காரர் என்னைத் தூக்கி மரநிழலில் கிடத்திவிட்டு, சைக்கிளில் வந்த ஒருவரை எங்கள் வீட்டுக்கு விரட்டியிருக்கிறார். எவ்வளவு நேரம் கழித்து என்று தெரியாது, நான் ஒரு முறை கண் திறந்தேன். சாலை முனையில் கானல் நெளிந்தது. அதற்குள்ளிருந்து அத்தை வந்தார். இந்த முறை நடக்கவில்லை, ஓடி வந்தார். தலைமுடி அவிழ்ந்து பறந்தது. தரையோடு தரையாகக் கிடந்ததால் என் கண்ணுக்கு அவர் கால்தான் முதலில் தெரிந்தது. வெறுங்கால். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அத்தை லாடத்தைக் கழற்றிவிட்டார், இனிமேல் யாரும் கேலி செய்ய முடியாது, இதை உடனே தோழியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை அம்மாவும் கடைக்காரரும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மரத்தடியில் ஐந்தாறு பேர் கூடியிருந்தார்கள். "உச்சி உருமத்துல அய்யனார் கோயில் பக்கம் பொம்பளப் பிள்ளை தனியாப் போகலாமா? முனி அடிச்சிருச்சு" என்று அவர்கள் ஒருமனதாக முடிவு செய்திருந்தார்கள். பூசாரிக்கு ஆள் போயிருந்தது. ஒருவர் என் வாயைப் பிளந்து சோடாவை ஊற்றப் போனார்.

"ஊத்தாதீக! நெனவில்லாத பிள்ளை வாயில ஊத்துனா மூச்சுக் குழாய்க்குள்ள போயிரும்" என்று அத்தை பாட்டிலைத் தட்டிவிட்டார். கடைவாசலில் இருந்த குடத்தை எடுத்து அப்படியே என் தலையிலும் உடம்பிலும் கவிழ்த்தார். பிறகு என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பூசாரி வந்து திருநீறு போடட்டும் தாயி, அப்புறம் தூக்கு."

"வீட்டுக்கு வரச் சொல்லுங்கண்ணே, அங்குட்டே போடட்டும்" என்று சொல்லிக்கொண்டே அத்தை ஓடினாராம். அந்த நேரத்திலும் அவர் யாரையும் எடுத்தெறிந்து பேசவில்லை என்பதைக் கடைக்காரர் இன்றைக்கும் சொல்லுவார். சைக்கிள்காரர் என்னைப் பின்னால் உட்கார வைக்கலாம் என்றார். துவண்டு கிடந்த பிள்ளையை எப்படி உட்கார வைப்பது? அரைக் கிலோமீட்டர். உருகிய தார் ரோடு. பத்து வயதுப் பிள்ளையின் பாரம். கூடவே சைக்கிளில் வந்தவர் பின்தங்கிவிட்டார் என்று சொல்லிச் சிரிப்பார்கள், அதை மட்டும் நான் நம்புவதில்லை.

கொட்டகையில் மாடுகளுக்கான கல்தொட்டி உண்டு. அன்று காலையில்தான் சித்தப்பா கிணற்றுத் தண்ணீர் நிரப்பியிருந்தார். அத்தை என்னை உடுப்போடு அதற்குள் இறக்கி, தலை முங்காமல் கழுத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். சத்தம் கேட்டு எழுந்து வந்த சித்தப்பா நேரே வாளியைத் தூக்கினார். கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைத்து ஊற்றினார். அம்மா அழுதுகொண்டே முறத்தால் விசிறினார். ஆட்டோவுக்கு அப்பா ஓடினார்.

நான் கண் திறந்தபோது ஒரு மாடு என் முகத்துக்கு நேரே நின்றது. தன்னுடைய தண்ணீருக்குள் நான் கிடப்பதை அது பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலே அத்தையின் முகம். அந்த முகத்தை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். பயந்த முகம் இல்லை அது, கோபமும் அதில் இல்லை. நடந்து வரும்போது இருக்குமே, அதே முகம். முடிக்க வேண்டியதை முடித்துவிட்டுத்தான் நிற்பேன் என்கிற முகம். "பேரு சொல்லுடி" என்றார். சொன்னேன். "நான் யாருடி?" என்றார். சொன்னேன். அதன் பிறகுதான் ஒரு மடக்குத் தண்ணீர் என் வாய்க்குள் வந்தது.

காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஆட்டோவில் ஈரச்சாக்கு என் மேல் கிடந்தது. மருத்துவர், "யாரு இந்தப் பிள்ளையத் தண்ணிக்குள்ள போட்டது?" என்று கேட்டதும் அத்தைக்குத் திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். "நான்தான்" என்றார் அத்தை. "அப்படியே தூக்கிட்டு வந்திருந்தீங்கன்னா வழியிலேயே..." என்று தொடங்கிய மருத்துவர், நான் விழித்திருப்பதைப் பார்த்துவிட்டு வேறு பேசினார். ஊசி போட வந்த நர்ஸ் தரையைப் பார்த்துவிட்டு, "உங்க காலக் காட்டுங்கம்மா" என்றார். அத்தை காலை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டு, "பிள்ளையப் பாருங்க சிஸ்டர், எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். சரிதானே, படுத்திருப்பது நான்தானே என்று எனக்கும் பட்டது.

மறுநாள் நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். என் பாதத்தில் இரண்டு கொப்புளங்கள் இருந்தன. அவற்றைத் தோழிக்குக் காட்டிப் பெருமைப்பட்டேன். அத்தை நடக்கப் போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்து இரண்டு காலையும் ஒரு வாளித் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருந்தார். "ஏன் அத்தை நடக்கப் போகல?" என்று கேட்டேன். "கடைசி மூணு நாள் மாட்டுக்கு ஓய்வுடி, உங்க சித்தப்பா சொல்லியிருக்காகள்ல" என்றார். எழுந்து நடக்கும்போது குதிகாலை மட்டும் ஊன்றி நடந்தார். அது என்னமோ புதுப் பயிற்சி என்று நானும் அவர் பின்னால் குதிகாலில் நடந்து பார்த்தேன். அத்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

தேர்வு நடக்கும் ஊருக்குக் கிளம்ப வேண்டிய அன்று காலை, சித்தப்பா ஒரு காகிதப் பையைக் கொண்டுவந்து அத்தையின் பக்கத்தில் வைத்தார். உள்ளே தடித்த பருத்தி சாக்ஸ் இரண்டு ஜோடியும் ஒரு தேங்காயெண்ணெய் டப்பாவும் இருந்தன.

"யாருக்குண்ணே இது?"

"மாட்டுக்கு" என்றார் சித்தப்பா. கொட்டகை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். "எண்ணெயத் தடவிட்டு ஒண்ணு மேல ஒண்ணாப் போடணும். நடுவழியில கண்ணு சொருகுச்சுன்னா ஒக்காந்துரணும். செயிக்கலைன்னாப் பரவால்ல. மாடு முழுசா வீட்டுக்கு வந்தாப் போதும்."

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். மாடு எப்போது சாக்ஸ் போட்டது என்று நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

அப்பா அத்தையை அழைத்துப் போனார். நான் தெரு முழுக்க, அத்தைதான் முதலாவதாக வரப் போகிறார் என்று சொல்லி வைத்திருந்தேன். கானலுக்குள்ளிருந்து அவர் வருவதைப் பார்த்தவள் நான். அவரை முந்த இந்தப் பூமியில் ஆள் கிடையாது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் இருவரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அப்பா அத்தையின் கையைப் பிடித்து இறக்கினார்.

"தேறிட்டா" என்றார் அப்பா. பதினாறு கிலோமீட்டரும் புதிதாகப் போட்ட தார் ரோடு என்றும், ஒரு மர நிழல்கூடக் கிடையாது என்றும், பாதி வழியில் எத்தனையோ பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டார்கள் என்றும் சொன்னார். "அத்தை எத்தனாவது?" என்று கேட்டேன். அத்தையே சொன்னார்: "கடைசிக்கு முந்தி. அஞ்சு நிமிஷம் இருக்கையில கோட்டத் தொட்டுட்டேன்டி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைசிக்கு முந்தி! தெருவில் எந்த முகத்தோடு நடப்பது? "இன்னும் வெரசா நடந்திருக்கலாம்ல, அத்தை?" என்று கத்தினேன். அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினார். அத்தை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "நடந்திருக்கலாம்தான்" என்றார். பிறகு அப்பா ஒரு காரியம் செய்தார். இத்தனை வருடம் பழனிக்கு நடந்த அப்பா, கோயிலைத் தவிர எங்கும் குனியாத அப்பா, தரையில் உட்கார்ந்து தங்கையின் காலை மடியில் எடுத்து வைத்து, ஷூ கயிற்றை மெதுவாக அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு நான் கோபத்தோடு கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

சற்று நேரத்தில் அம்மா அங்கே வந்து, அந்த சாக்ஸை ஒரு வாளியில் போட்டு அலசினார். தண்ணீர் சிவப்பாக இறங்கியது. கீழே ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தார், அதுவும் சிவந்தது. செம்மண்ணில் விளையாடிவிட்டு வந்த என் பாவாடையை அலசினாலும் எங்கள் ஊரில் அப்படித்தான் இறங்கும்.

"அங்குட்டும் நம்ம ஊரு மண்ணுதான் போலம்மா" என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஆமாத்தா. அங்குட்டும் செம்மண்ணுதான்" என்றார்.

நான் நம்பினேன். பதினாறு கிலோமீட்டரும் தார் ரோடு என்று அப்பா சொன்னதை, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.